பகலில் குத்திய விரல்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவது வரை படித்தவள். இருபத்தாறு வருடம் கொசுப்புழு பார்க்கிற வேலை செய்தேன். அத்தனை வருடத்திலும் நான் எழுதியது பதிவேட்டில் வீட்டு எண், ஆட்களின் பெயர், பக்கத்தில் ஒரு டிக் குறி, அவ்வளவுதான். கூட்டத்தில் யாராவது என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விடுவேன். ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளவும் கூச்சமாக இருக்கிறது. முழங்கால் படியேற மறுத்ததால் நின்றுகொண்டேன். இப்போது கொண்டப்பநாயக்கன்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறேன்.

உங்கள் மேற்பார்வையாளர் போனில், "புதுசா வந்தவங்களுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்கக்கா, பேச வேண்டாம்" என்றார். பேச வேண்டாம் என்றதால் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதிலிருந்து மனம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. நான் எழுதுவதாக இருந்தால் அந்த டிக் குறியைப் பற்றித்தான் எழுத வேண்டும். சொல்ல வேண்டியவர்களைத் தவிர, இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாதது அது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மருந்து எவ்வளவு, படிவம் எப்படி என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். யானைக்கால் நோயை நான் புரிந்துகொண்ட விதத்தை மட்டும் சொல்கிறேன். அது புழுவால் வருவது. பெரிய புழு நம் உடம்பில் நிணநீர் ஓடும் குழாய்களில் வருடக்கணக்கில் குடியிருக்கும். அதன் குஞ்சுகள் இரத்தத்தில் திரியும். கொசு கடிக்கும்போது இரத்தத்தோடு குஞ்சையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. கொசுவுக்குள் அது சில நாட்கள் வளர்ந்து, அடுத்தவரைக் கடிக்கும்போது இறங்குகிறது. ஒன்றிரண்டு கடியில் வந்துவிடாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கடிபட்டால்தான் வரும். தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. கால் வீங்கியவரைப் பார்த்து ஊரே ஒதுங்குகிறது, ஆனால் அவருடைய இரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சே இருக்காது. நன்றாக நடமாடி, நன்றாகச் சாப்பிட்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறவரிடம்தான் அது இருக்கும். அதனால்தான் அந்த வருடங்களில் நன்றாக இருந்த எல்லோருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை மாத்திரை கொடுத்தோம்.

கொடுத்தோம் என்று எழுதிவிட்டேன். நான் சொல்ல வந்தது அந்த வார்த்தையைப் பற்றித்தான்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தறி ஊரில் எனக்கு வேலை. நாள் முழுக்கத் தறிச் சத்தம் ஓயாத ஊர். அங்கே சத்தம் போட்டுப் பேசினால் சண்டை என்று நினைக்காதீர்கள், நலம் விசாரிக்கிறார்கள் என்று அர்த்தம். என் பகுதியில் ஒரு லைன் வீடு இருந்தது. எதிரும் புதிருமாகப் பதினான்கு வீடுகள், எல்லாம் வாடகை. வீட்டுக்கு ஓர் அறை, ஒரு சமையல் மூலை. கடைசியில் பொதுக் கழிப்பறையும் அதன் தொட்டியும். தொட்டியிலிருந்து மேலே போகும் காற்றுக் குழாய்க்கு மூடி இல்லை. பின்சுவரை ஒட்டி, நூலுக்குக் கஞ்சி போடும் பட்டறையின் கழிவுத் தண்ணீர் தேங்கி நிற்கும். பகலில் பார்த்தால் வெறும் வெள்ளைத் தண்ணீர். கரண்டியில் மொண்டு பார்த்தால் புழு துள்ளும். கொசுக்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் போய்வந்தவர் உள்ளே தூங்கினால், வீட்டுக்காரி கதவுக் கொண்டியில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒன்றைக் கட்டிவிடுவாள். நூல் கட்டிய கதவை யாரும் தட்டக் கூடாது. பால்காரரும் தட்டமாட்டார், சீட்டுக்காரரும் தட்டமாட்டார். பக்கத்து வீட்டில் குழந்தை அழுதால் அதன் அம்மா தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவாள். அதற்குக் காரணம் இருந்தது. பகலில் தூக்கம் கெட்டவர் இரவில் தறி முன்னால் கண் அசந்தால் விரல் போகும். அந்த லைனிலேயே, ஏழாம் எண் வீட்டில், விரல் போனவர் ஒருவர் இருந்தார்.

நான் மாத்திரையோடு போவது பகலில். மூன்று வருடம் அந்த நூலுக்கு நானும் மரியாதை கொடுத்தேன். மரியாதை என்பது பாதிதான் உண்மை. ஆண் தூங்குகிற வீட்டுக் கதவைத் தட்ட எனக்குக் கூச்சம். வீட்டுக்காரியைக் கண்ணால் கூப்பிட்டு, மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்க" என்பேன். அவள், "எந்திரிச்சதும் குடுத்தர்றனுங்கக்கா" என்பாள். நம் கண் முன்னால் விழுங்க வேண்டும் என்பது விதி. நான் விழுங்கியதாக டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

மூன்றாவது வருட மாத்திரை முடிந்து சில மாதம் கழிந்திருக்கும். தொட்டியைப் பார்க்கப் போனபோது ஆறாம் எண் வீட்டு வாசலில் சௌமியா வாளித் தண்ணீரில் வலது காலை விட்டபடி உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது. போலீஸ் வேலைக்குத் தேர்வு எழுதிவிட்டு, ஓட்டத் தேர்வுக்காக விடிகாலையில் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தவள். லைனில் அவளை இன்ஸ்பெக்டர் என்றே கூப்பிடுவார்கள்.

"என்ன இன்ஸ்பெக்டர், கால்ல?"

"சுளுக்குங்கக்கா. ஓடறப்ப பிசகிருச்சு."

"எப்ப?"

"போன வாரம். காச்சல் வந்துச்சு பாருங்க, அதுக்கு மறுநாளு."

சுளுக்குக்குக் காய்ச்சல் வராது. நான் குனிந்து பார்த்தேன். கணுக்கால் எலும்பு தெரியவில்லை. தொடை இடுக்கில் நெறி கட்டியதா என்று காதோடு கேட்டேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. இது இரண்டாவது தடவை என்றாள். முதல் தடவை தானாக வற்றிவிட்டதாம். அம்மா சரசுவிடமும் சொல்லவில்லை.

"வெளிய சொல்லாதீங்கக்கா. பெரிய காலுன்னு ஒருத்தி சொன்னாப் போதும், லைனே சொல்லும். எனக்கு ஓட்டம் இருக்குது."

மறுநாள் தாயையும் மகளையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் அம்மா காலை வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். சௌமியாவை வெளியே உட்காரச் சொல்லவில்லை, அவளிடமே பேசினார். ஆரம்பம் போலத் தெரிகிறது, தினமும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி விரல் இடுக்கு வரை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், சிறு புண்ணையும் விடக் கூடாது, படுக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும், செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, காய்ச்சல் இல்லாத நாளில் ஓடலாம் என்றார். இந்த அளவிலேயே நிறுத்திவிட முடியும் என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா அந்த லைன்ல யார் உடம்புலயோ புழு இருக்கு. அதைக் கண்டுபிடிக்கலைன்னா கொசு இவளுக்கு மறுபடி மறுபடி கொண்டாந்து இறக்கும். நான் இங்க மாத்திரை குடுத்து என்ன பண்றது?" என்றார்.

அன்று மாலை சௌமியா ஒரு நூலை எடுத்துக் கணுக்காலைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். தினமும் அளந்து பார்க்கப் போகிறாளாம். முடிச்சுத் தாண்டினால் எனக்குப் போன் வரும் என்றாள்.

அந்த வாரமே லைனில் இரவு இரத்தம் எடுத்தோம். புழுக் குஞ்சு இரவில்தான் தோலோரத்து இரத்தத்துக்கு வரும், பகலில் உள்ளே ஒளிந்துகொள்ளும். அதனால் அந்தச் சோதனையே இரவு வேலை. எங்கள் லேப் தம்பி வாழப்பாடிக்காரன். எங்கள் பக்கத்து 'ங்க' அவன் வாயில் வராது. விரலை நீட்டச் சொன்னால் லைன் பெண்கள், "ஏனுங்க, கொஞ்சம் மரியாதையாக் கேட்டா நீட்டுவோமுங்க" என்று ஓட்டுவார்கள். அவன் குத்த, நான் பெயர் எழுத, வீடுகளை முடித்துக்கொண்டு தறிப் பட்டறைக்கும் போனோம். சௌமியாவின் அப்பா அர்த்தநாரி தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டே இடது கையை நீட்டினார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. எட்டு வருடமாக நைட் ஷிப்ட் ஆள். நானே அவர் பெயருக்கு எதிரில் 'இரவுப் பணி' என்று எழுதினேன். எழுதியும் எனக்கு உறைக்கவில்லை.

ஒருவர் இரத்தத்திலும் புழு இல்லை. சௌமியா இரத்தத்திலும் இல்லை.

அதற்குள் செய்தி கசிந்துவிட்டது. புழு எங்கிருந்து வந்தது என்பதை லைனே முடிவு செய்துவிட்டது. கடைசி அறையில் ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பேர் குடியிருந்தார்கள். அவர்களும் தறி ஓட்டுகிறவர்கள்தான். "வடக்க இருந்து கொண்டாந்துட்டானுங்க" என்று தண்ணீர்க் குழாயடியில் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி அவர்களைக் காலி செய்யச் சொல்லவும் பேச்சு நடந்தது. சந்தேகத்துக்காக அவர்கள் இருவருக்கும் மட்டும் இன்னோர் இரவு விரலைக் குத்தினோம். அப்போதும் இல்லை. ஒருவர் விரலைத் துடைத்துக்கொண்டே என்னிடம், "தீதீ, இன்னும் வேணுமா?" என்று, அக்காவை மட்டும் தன் மொழியில் சொல்லி, மீதியைத் தமிழில் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலாம். அவர் கோபமாகவும் கேட்கவில்லை.

மேலே இருந்து, 'வெளியூர்த் தொற்றாக இருக்கலாம்' என்று எழுதி முடிக்கச் சொன்னார்கள். சௌமியா பக்கத்தில் இருக்கிற மகுடஞ்சாவடியைத் தாண்டிப் போனதில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. துவைத்த துணியைத் திரும்பத் துவைத்தேன். என் மகள், "எதையாவது தொலைச்சிட்டயாம்மா?" என்று கேட்டாள்.

மறுநாள் உச்சி வெயிலில் காரணமில்லாமல் அந்த லைனுக்குப் போனேன். தொட்டிக் குழாயைப் பார்ப்பது போல நின்றேன். ஆறாம் எண் கொண்டியில் நூல் கட்டியிருந்தது. சரசு வெளியே ஒரு துண்டு நிழலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உள்ள தூங்கறாரா?"

"ஆமாங்க. இடி விழுந்தாலும் தெரியாது. கதவைச் சாத்தி ஒரே இருட்டு. அதுக்குள்ள கொசு பாட்டுப் பாடுது, இவரு கொறட்டை தாளம் போடுது."

"லீவு நாளுல ராத்திரி தூங்குவாரா?"

"எங்கீங்க. ராத்திரி முச்சூடும் ஊட்டுக்குள்ள உலாத்திட்டுக் கெடப்பாரு. நாம படுத்திருந்தா நம்ம காலு மேல ஏறி நடப்பாரு. அவருக்குப் பகலுதான் ராத்திரிங்கக்கா. உடம்பே அப்படி மாறிப்போச்சு."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்துவிட்டாள். நான் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று ஒரு நிமிடம் எனக்கே புரியவில்லை. பயிற்சியில் நான் நோட்டில் எழுதி வைத்திருந்த வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'ஆள் தூங்கும் நேரத்தில் புழு வெளியே வரும்.' இரவில் என்று அதில் இல்லை. ஊரில் எல்லோரும் இரவில் தூங்குவதால் இரவு என்று நாங்களே சேர்த்துக்கொண்டோம்.

லேப் தம்பி சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தான். நான் வாசலிலேயே நின்று சொன்னேன். எனக்கு வேர்த்தது.

"பகல்லயா?" என்றான். "ஏன்க்கா, புழு என்ன தாலுகா ஆபீஸா, பத்து மணிக்குத் திறந்து உக்கார?"

"அந்த ஆளு தூங்கறது பகல்லதான் தம்பி. எட்டு வருசமா."

"அதுக்கு?"

"ராத்திரி நாம குத்தினப்ப அவர் முழிச்சிருந்தாரு. தறி ஓட்டிட்டு இருந்தாரு."

அவன் இன்னொரு கேலிக்கு வாயெடுத்தவன் அப்படியே நிறுத்தினான். டப்பாவை மூடினான்.

"படிச்சிருக்கேன்க்கா. தூக்கத்தை மாத்தினா அதுவும் மாறும்னு ஒரு வரி வரும். பரீட்சைக்குப் படிச்சேன், அதோட மறந்துட்டேன்." பிறகு, "பகல் ஸ்லைடுன்னு எழுதினா மேல என்னைத்தான் கேப்பாங்க" என்றான்.

"நான் சொன்னேன்னு எழுதுங்க."

இதைச் சொன்னது நான்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். அவனுக்கும் இருந்திருக்கும். சாப்பிடாமலே பையை எடுத்துக்கொண்டு வந்தான்.

கதவு முன்னால் போய் நின்றபோது மணி ஒன்றரை. சரசு நடுவில் வந்து நின்றாள். "ராத்திரிக்குத் தறியில நிக்கணுமுங்கக்கா. ஏழாம் நம்பரு வெரலு தெரியுமில்ல?" என்றாள். தெரியும். அவள் சொல்வது நியாயம். நான் எழுப்பி, அதனால் அவருக்கு ஒன்று நடந்தால் யார் பொறுப்பு? இன்னொரு பக்கம் சௌமியா வெளியே வந்து, இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து நின்றாள். சேர்த்து வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

நான் சரசுவிடம், "தப்பா இருந்தா இனிமே இந்தக் கதவுப் பக்கம் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நூலை அவிழ்த்துக் கதவைத் தட்டினேன். அந்த லைனில் நூல் கட்டிய கதவு தட்டப்பட்டதே இல்லை போலிருக்கிறது. எதிர் வரிசையில் நாலு தலைகள் வெளியே வந்தன.

அர்த்தநாரி லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்து கண்ணைச் சுருக்கினார்.

"ஏனுங்க, ஊடு பத்திக்கிச்சா?"

"இல்லீங்க. விரலு வேணும்."

"அன்னைக்குத்தான் குடுத்தனே? ஒரு விரலுக்கு எத்தன தடவைங்க?"

"அன்னைக்கு நீங்க முழிச்சிருந்தீங்க. இன்னைக்குத் தூங்கிட்டு இருந்தீங்க. அதுக்குத்தானுங்க."

அவருக்குப் புரியவில்லை. ஆனால் மகள் நிற்பதைப் பார்த்தார். விரலை நீட்டினார். லேப் தம்பி முதல் தடவையாக, "கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றான். அர்த்தநாரி திரும்பிப் போய்ப் படுத்தார். ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்டது. சரசு கொண்டியில் நூலை மறுபடி கட்டினாள், முன்பைவிட இறுக்கமாக.

அடுத்த நாள் மதியம் அவன் போனில், "வாங்கக்கா, வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னான். மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்துப் பார்க்க எனக்கு வராது. அவன் என் தலையைப் பிடித்துச் சரியாக வைத்தான். சீப்பில் சிக்கிய முடி போல ஊதா நிறத்தில் சுருண்டு கிடந்தன. ஒன்றல்ல. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அந்த ஆளிடம் யார் போய்ச் சொல்வது?

மருத்துவர் அம்மா பன்னிரண்டு நாள் மாத்திரை எழுதிக் கொடுத்து, முதல் வேளையை நின்று பார்த்துக் கொடுக்கச் சொன்னார். நாங்கள் போனபோது மணி நாலரை. அர்த்தநாரி எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். லேப் தம்பி சொன்னான். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்களே. ஒரு தலவலி இல்ல."

"அப்படித்தான் இருக்கும். இருக்கறதே தெரியாது."

சௌமியா அறை மூலையில் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அர்த்தநாரி அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அப்போ, என்ற புள்ளைக்கு என்கிட்ட இருந்துதானுங்களா போச்சு?"

லேப் தம்பி என்னைப் பார்த்தான். இந்த மாதிரிக் கேள்விக்குப் பயிற்சியில் பதில் இல்லை. இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் அந்த மனிதர் அன்று இரவு தறி முன்னால் எப்படி நிற்பார்? இரண்டையும் சொல்லாமல் எழுந்து போகத்தான் என் சுபாவம். தண்ணீர் குடிக்கப் போகலாம்.

"யார்கிட்ட இருந்து கொசு யாருக்குக் கொண்டு போச்சுன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாதுங்க. உங்களுக்கும் யாரோ குடுத்ததுதான்," என்றேன். "ஆனா எனக்கு ஒண்ணு தெரியும். மூணு வருசம் நீங்க மாத்திரை முழுங்கினதா நான் டிக் போட்டிருக்கேன். ஒரு வருசமும் நீங்க முழுங்கி நான் பார்க்கலை. தூங்கறவரை எழுப்பறதுக்குக் கூச்சப்பட்டுட்டுப் போயிட்டேன். முழுங்கியிருந்தா இது நின்னிருக்கும். அது என்மேலதான்."

சரசு எழுந்து அலமாரி மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்துத் திறந்தாள். உள்ளே என் கையால் மடித்த காகிதப் பொட்டலங்கள் மூன்று.

"சாப்பாட்டுக்கு அப்புறமுன்னு சொன்னீங்கக்கா. இவரு ஊட்டுல எப்பச் சாப்பிடறாரு? காலையில டீக்கடையில தின்னுட்டு வந்து விழுவாரு. எந்திரிச்சா டீ. சோத்தைத் தூக்குல கட்டிட்டுப் போயிப் பட்டறையில திம்பாரு. வெறும் வயித்துல குடுக்கக் கூடாதுன்னீங்களே. அதான் எடுத்து வெச்சேன். எறிய மனசு வரல."

அவள் நான் சொன்னதை மீறவில்லை. நான் சொன்னபடியேதான் செய்திருக்கிறாள். அந்த வீட்டில் அந்த ஆள் எந்த நேரத்தில் சாப்பிடுகிறார் என்று மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

அர்த்தநாரி டப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "சோறு போடு" என்றார் சரசுவிடம்.

தூக்குப் பாத்திரத்துக்கு எடுத்து வைத்திருந்த சோற்றைத் தட்டில் கொட்டினாள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் உட்கார்ந்திருந்தேன். ஆண் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு அந்நிய வீட்டில் உட்கார்ந்திருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. புது மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, கேட்காமலே நாக்கை நீட்டிக் காட்டினார். சௌமியா மூலையிலிருந்து, "அப்பாவைக் கைது பண்ணிட்டீங்க போங்க" என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அவள் பக்கம் திரும்பினார். அதுவரை திரும்பவில்லை.

புழு சாகும்போது ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சலும் தலைச்சுற்றலும் வரலாம், அன்று இரவு தறிக்குப் போகாதீர்கள் என்று சொன்னோம். வெளியே வந்து லேப் தம்பி குழாயடியில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஒடிசாக்காரர்கள் இருவரின் இரத்தமும் சுத்தம் என்றான். யாருடையது சுத்தமில்லை என்று கேட்டார்கள். அதைச் சொல்லமாட்டோம் என்றான். நான் பதிவேட்டைத் திறந்து அந்த மூன்று டிக் குறிகளையும் அடித்து, 'விழுங்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலே விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன்.

தங்கைகளே, தம்பிகளே, இப்போது உங்கள் கையில் இரத்தத் துளி விட்டால் கோடு காட்டும் அட்டை இருக்கிறது. அதற்கு இரவும் பகலும் ஒன்றுதான். ஆனால் அட்டைக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. யார் எப்போது தூங்குகிறார், எங்கே சாப்பிடுகிறார், மாத்திரைப் பொட்டலம் எந்த டப்பாவில் கிடக்கிறது என்பதெல்லாம் வாசலில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். தொட்டிக் குழாயின் வாயை வலைத்துணியால் கட்டுங்கள், தறிப் பட்டறையில் கேட்டால் கழிவுத் துணி தருவார்கள். தேங்கிய கஞ்சித் தண்ணீருக்கு வழி வெட்டுங்கள். உங்கள் கண் பார்க்காத எதற்கும் டிக் போடாதீர்கள். கூச்சம் உள்ளவர்கள் இந்த வேலைக்கு ஆகமாட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கூச்சத்தோடேயே தட்டலாம்.

அர்த்தநாரி மாத்திரை விழுங்கியதற்கு அடுத்த நாள் சனிக்கிழமை. அவருக்குக் காய்ச்சல் வந்தது. தறிக்குப் போகவில்லை. சௌமியா காலைக் கழுவித் துடைத்து, சாக்ஸும் ஷூவும் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய்வந்தாள். மாலையில் அளந்தபோது முடிச்சு அதே இடத்தில் இருந்தது. நான் மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு மதியம் பக்கத்து லைனுக்குப் போனேன், அங்கேயும் பார்க்காமலே டிக் போட்டிருந்தேன். ஏழு கதவுகளில் நூல் கட்டியிருந்தது. ஏழையும் தட்டினேன்.